மலைமுழுங்கியும் எட்டு டீயும்

“காலேப், உன் நெருப்புக்கோழிய இன்னிக்கு வெளிய விடாத. பாறை மேல நெருப்ப ஊதி என்னடா பிரயோஜனம்? ஆமைய இறக்கு” என்றார் எலியேசர். பீர்க்கன்கரணை ஏரிக்கரையின் சிமென்ட் பெஞ்சில், சாயங்கால வெயிலுக்குக் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

காலேப்புக்கு வெயில் ஆகாது, சீக்கிரம் சூடாகிவிடுவான். அப்பன் குடையை அவன் பக்கம் சாய்த்தார்.

“அபி, நீ கொடிய விட்டு அதோட காலக் கட்டு. அம்மா கவசம் போட்டுக்கிட்டு முன்னாடி நிக்கட்டும். நான் பின்னாடி நின்னு மருந்து குடுக்கறேன்.”

ஓய்வு பெற்ற புவியியல் வாத்தியார், போனில் பூதம் வளர்க்கிறார் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் போகட்டும். தெருத்தெருவாக நடந்து பூதங்களைப் பிடித்து, தீனி போட்டு வளர்த்து, சண்டைக்கு விடுகிற விளையாட்டு அது. ஆரம்பித்து வைத்தவள் மனைவி ஜெரூஷா. சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். சும்மா நடக்கப் பிடிக்காமல் அவள் பூதம் பிடிக்கக் கிளம்ப, வீடே பின்னால் கிளம்பியது.

எல்லாப் பூதமும் அவளிடம் உண்டு, மலைமுழுங்கி ஒன்றைத் தவிர. அந்தப் பாறைப் பூதத்தைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்து வீழ்த்தினால்தான் பிடிக்க முடியும். அது இந்த ஏரிக்கரையில் தலைகாட்டுவது இன்றோடு சரி, இனி வராது என்று விளையாட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். “அது மட்டும் வேணுங்க” என்று ஜெரூஷா கேட்டது எலியேசரின் காதிலேயே நின்றது.

போன ஞாயிறும் வந்தார்கள். பூதத்தின் உயிர் நூலளவு பாக்கி இருக்கும்போது நேரம் முடிந்துபோனது. நாலு பேர் பத்தவில்லை. பக்கத்தில் ஆடுகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்தான். சேர்த்தால் பேச வேண்டும், பேசினால் வீட்டுக் கதை வரும். அதற்குப் பயந்துதான் மனிதர் தோற்றார்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேறு வேலையே இல்லை. ஆமைக்குத் தீனி, கொடிக்குப் பயிற்சி, ஜெரூஷாவின் குட்டிப் பூதத்துக்குப் புதுக் கவசம். வீட்டில் கேட்ட ஒரே குரல் அவருடையதுதான்.

“காலேப் வந்தாச்சு. அபி வந்தாச்சு. ஜெரூ, சீக்கிரம் வாம்மா, நேரமாகுது.” ஜெரூஷா எப்போதும் கடைசிதான். ஒருவழியாக அவள் பெயரும், சண்டைக்கு ஆள் சேருகிற லாபியில் வந்து சேர்ந்தது.

சண்டை தொடங்கப் போகிற நேரம். அவர்களுடைய நாலு பெயருக்குக் கீழே திடுதிப்பென்று இன்னும் நாலு பெயர்: தீனா, ஜெயஸ்ரீ, அன்பு, துரைராஜ். யாரோ பக்கத்தில்தான் இருக்கிறார்கள். யாரென்று திரும்பிப் பார்க்க நேரமில்லை.

மலைமுழுங்கி எடுத்த எடுப்பிலேயே ஆமையைக் கவிழ்த்தது. அபியின் கொடி அறுந்தது. எலியேசருக்கு நாலு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது, விரலெல்லாம் வலி கண்டது. ஜெரூஷாவின் குட்டி மட்டும் கவசத்தோடு அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. அந்த நாலு பேரும் பின்னாலிருந்து வெளுத்துக் கட்டினார்கள். பூதம் பொத்தென்று விழுந்தது.

வலை விழுந்தது. ஜெரூஷாவின் பெயரில் மலைமுழுங்கி ஏறியது.

“ஜெரூ! கிடைச்சுடுச்சும்மா!” என்று கத்தியே விட்டார். இனி அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதற்குக் கிளம்புவது என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. அவசரமாகப் பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

“சார்! நில்லுங்க சார்! எலியேசர் நீங்கதானே? கத்தின கத்துல தெரிஞ்சிடுச்சு!” எதிர் டீக்கடையிலிருந்து ஓர் இளைஞன் ஓடி வந்தான். பின்னாலேயே அவன் மனைவி, தம்பி, அப்பா. ஆளுக்கொரு போன், முகமெல்லாம் பல்.

“நான் தீனா சார். வூட்டோட வந்து இத்தோட மல்லுக்கட்டிக்கினு கெடந்தோம், ஒரே பேஜாரு. உங்க ஃபேமிலி இல்லன்னா இன்னிக்கும் கோவிந்தாதான்!”

எலியேசர் தலையாட்டினார். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கடைக்குக் கூட்டிப் போனான் தீனா.

“ஜெரூஷான்றது ஆன்ட்டியா சார்? அவ்ளோ அடியிலயும் கடைசி வரைக்கும் சாவாம நின்னாங்களே, செம்ம! லாபில எட்டுப் பேரு இருந்தோம், அதான் எட்டு டீ சொல்லிட்டேன். எங்க சார் மீதி மூணு பேரு? கூப்டுங்க!”

எலியேசர் பையின் ஜிப்பைத் திறந்தார். ஒவ்வொன்றாக மூன்று போன்களை எடுத்துக் கடை பெஞ்சில் வைத்தார். காலேப்பின் போன் இன்னும் சுட்டது. ஜெரூஷாவுடையது பழசு, மூலையில் விரிசல், திரை விழிக்கவே நேரமெடுக்கும்.

தீனாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

“பசங்க ரெண்டும் இத வெச்சுட்டு ஃபாரின் போய்ட்டாங்க. அவங்கம்மா கர்த்தர்கிட்ட போய்ட்டா” என்றவர், கண்ணாடி கிளாஸ்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த டீ மாஸ்டரைப் பார்த்தார்.

“எனக்கு ஒரு டீ போதும் தம்பி.”