நிலானியின் பங்கு

விறகுக்குப் போகும் பெண்களுக்கென்று அகதி முகாமில் விசில் கொடுத்தார்கள். ஆபத்தென்றால் ஊத வேண்டும்; கேட்டவர்கள் எல்லாரும் ஓடிப்போக வேண்டும். வந்த நிதி போதாததால், இப்போதைக்குக் குடும்பத்துக்கு ஒன்று என்று முடிவெடுத்தவள் முகாமின் பாதுகாப்பு வேலைகளைப் பார்த்த யசோதினிதான். தவமலர் அந்த விசிலைக் கழுத்தில் போட்டபடி தண்ணீர் வரிசையில் நின்ற ஒரு காலையில், அவளுடைய மகள் நிலானி விசில் இல்லாமல் விறகுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அதன்பிறகு பொழுதுபடும்போதெல்லாம் தவமலர் கம்பிவேலியோரம் போய், காட்டைப் பார்த்து ஊதினாள். முதலில் முகாமே ஓடிப்போனது. போகப்போக யாரும் எழும்பவில்லை. யசோதினி மட்டும் ஒவ்வொரு முறையும் போய், கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டுத் திரும்புவாள்.

மழைக்காலம் முடிந்து மீதி நிதி வந்தது. இனி ஆளுக்கொரு விசில். யசோதினியே மேசையில் இருந்து கொடுத்தாள். தவமலரின் முறை வந்தது.

"எனக்குப் பழசு இருக்குப் பிள்ளை. நிலானியின்ர பங்கைத் தாங்கோ."

யசோதினி ஒன்றை எடுத்து அவளுடைய கையில் வைத்தாள். கயிறு நீளம் என்று தவமலர் அங்கேயே நின்று ஒரு முடிச்சுப் போட்டு, மகளின் கழுத்துக்கு அளவாக்கினாள்.

அன்று பொழுதுபட, வேலியோரம் பழைய விசில் கேட்டது. யசோதினி எழும்பி நடந்தாள். சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு விசில், மெதுவாக, பதில் சொல்வதுபோல ஒலித்தது.

அது யார் ஊதுவது என்று யசோதினிக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினாள்.