ஃபிரிட்ஜில் ஐந்து கைபேசிகள்

நாளை கால்வாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்க மறுக்கப்போகிறோம். போலீசுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் சிறைதான். அதனால் பேசத் தொடங்குமுன் எங்கள் நால்வரின் கைபேசிகளையும் பையூமியின் ஃபிரிட்ஜில், மொலோகியாக் கீரைப் பானைக்குப் பக்கத்தில் வைத்து மூடினோம்.

"இனி போலீஸ்காரன் உன் கீரையத்தான் ஒட்டுக்கேக்கணும்" என்றான் ஷஹாத்தா.

"கேக்கட்டும்டா. உப்பு கம்மின்னு அவனாவது எம் பொண்டாட்டிகிட்ட சொல்லட்டும்" என்றான் பையூமி.

பேசி முடித்துத் திறந்தோம். உள்ளே ஐந்து கைபேசிகள் இருந்தன. நான்கு சில்லிட்டிருந்தன. ஐந்தாவது சுட்டது. மூலை உடைந்த அந்தக் கைபேசி எங்களோடு மூட்டை தூக்கிய அத்தியாவுடையது. அவனைக் கைது செய்தபோது போலீஸ் அதைப் பிடுங்கிக்கொண்டது. அவன் காவலிலேயே செத்தான். போன மாதம் நாங்கள்தான் குழியில் இறக்கினோம்.

அதிலிருந்து அவன் குரல் வந்தது.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்கடா. இங்க ஒட்டுக்கேட்டு எழுதுறவங்களுக்குச் சரியாக் கேக்கலையாம்."