குறைந்த நாலடி

அந்தப் பழைய செங்கல் பண்ணைவீட்டை வாங்குவதா வேண்டாமா என்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். வரைபடம் போடும் மனைவிக்குத்தான் கணக்கு உதைத்தது. சுவர்களின் கனத்தைக் கழித்தும், வெளியே இருந்த நீளத்தில் நாலடி உள்ளே குறைந்தது.

"உனக்குக் கணக்கு வரலைன்னா வீடு என்ன பண்ணும்?" கணவன் சிரித்தான்.

"வாயை மூடிட்டு டேப் நுனியைப் பிடிங்க. அடுத்த ரூம் கோடிச் சுவர்ல ஒட்டி வைங்க."

அவன் போனான். டேப் விறுவிறுவென்று ஓடி விறைத்து நின்றது.

"வெச்சாச்சா?"

"ம்."

அளவு சரியாக வந்தது. "நாலடியும் கிடைச்சிடுச்சு! வாங்கிடலாம்ங்க!"

"எங்கே இருந்துது?" வாசல் வழியே உள்ளே வந்தான் கணவன். "போன் வந்துதுன்னு டேப்பைக் கீழே போட்டுட்டு அப்பவே பின்பக்கமா போயிட்டேனே?"

இருவரும் அடுத்த அறைக்கு ஓடினார்கள். விரிசல்கூட இல்லாத கோடிச் சுவருக்குள் டேப் புகுந்திருந்தது.

செங்கற்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா?"