எழுத்து மட்டும் போதும்

"இதுவும் வேணாம், புள்ள."

மூக்கையா தலையை ஆட்டியதும், கணினியைத் தூக்கி கொடகவெல பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வீசிவிடலாமா என்றிருந்தது தனுஜாவுக்கு.

காலையிலிருந்து போட்டோகொப்பி, போனுக்கு ரீலோட், அடையாள அட்டைக்குப் படம். வெளியே விடாத மழை. அவளுடைய சின்னக் கொமியுனிகேஷன் கடை முழுக்க நனைந்த குடைகளின் வாடை. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

இந்த மனுஷனோ எழுந்திருக்கிறவராகத் தெரியவில்லை.

கேட்டது சின்ன விஷயம்தான். மகள் கேஷானி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவளுடைய போன் உடைந்துவிட்டது. மேடம் கடைக்குப் போகும் நேரத்தில், அந்த வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியில் கொஞ்ச நேரம் உட்காரலாம். முதுகில் கடித்த ஆப்பிள் படம் போட்டதாம். இங்கே தனுஜாவிடம் இருப்பது விண்டோஸ். இரண்டிலும் ஓடுகிற மாதிரி, பேசிக்கொள்ள ஒரு புரோகிராம் வேண்டும்.

வட்ஸ்அப், வைபர் இரண்டும் போன் கையில் இல்லாதவளுக்குக் கதவைத் திறக்காது. ஆக, அது கழிந்தது.

அடுத்து ஒன்றைப் போட்டாள். இரண்டு பக்கமும் ஓடும், முகம் பார்த்தே பேசலாம் என்றாள்.

முகம் என்றதும் அவர் வேண்டாம் என்றார்.

இன்னொன்றில் குரல் தெளிவாக வரும் என்றாள்.

அதற்குத்தான் இந்தத் தலையாட்டல்.

"எழுத்து மட்டும் போறதா ஒண்ணு பாருங்க."

"ஊரே மொகம் கிளியரா தெரியலன்னு எங்கிட்ட சண்டைக்கு வருது. நீங்க தந்தி அடிக்க வந்திருக்கீங்க. ஏன்யா, மகள் மொகத்தப் பாக்க ஆசையில்லையா?"

"நான் பாத்துருவேன், புள்ள. அது அம்மாவக் காட்டச் சொல்லும்ல."

"காட்டுங்களேன்."

"யாரக் காட்ட? கருமாதியே முடிஞ்சிருச்சு."

தனுஜா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

மூக்கையா சாதாரணமாகத்தான் சொன்னார். அழுது தீர்ந்த குரல். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குச் சாவைச் சொல்வதில்லை, அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். ஒப்பந்தம் முடிந்து வந்து, வாசலில் பெட்டியை இறக்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் சொல்வார்கள். லயத்து வீடுகள் முழுக்க ஒரே வாயாக இருந்தது. எவனாவது படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டுவிடுவான் என்று, சந்தியில் கண்ணீர் அஞ்சலி பேனர்கூடக் கட்டவில்லை.

"தெரிஞ்சா அந்த நிமிசமே வீட்ட விட்டு எறங்கிரும். மேல் டிவிஷன் புள்ள ஒண்ணு அப்படித்தான் வெளிய வந்துச்சு. பாஸ்போட் மேடம் கையில. இன்னும் ஏதோ கேம்ப்ல கெடக்கு. என் புள்ள அந்த வீட்டுக்குள்ளயே பத்திரமா இருக்கட்டும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

"எழுத்துல கண்டுபுடிச்சிற மாட்டாங்களா?"

"எம் பொண்டாட்டிக்கு எழுதத் தெரியாது, புள்ள. அவ சொல்லுவா, நான் எழுதுவேன். எப்பவும் என் கைதான்."

தனுஜா திரும்பவும் தேடினாள்.

கிடைத்தது. யாரும் சீந்தாத பழைய புரோகிராம். எந்தக் கணினியில் திறந்தாலும் திறக்கும். படம் கிடையாது, குரல் கிடையாது. யாருடைய போனிலிருந்தோ கேஷானி குறுஞ்செய்தியில் அனுப்பியிருந்த மின்னஞ்சலுக்கு இணைப்பை அனுப்பினாள்.

"பேரு என்ன போட?"

"அம்மான்னு போடுங்க."

கொஞ்ச நேரத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது. கேஷானி வந்துவிட்டாள். இவர்கள் ஒரு வார்த்தை அடிப்பதற்குள் அவளே எழுதினாள். தனுஜா சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

"அம்மா நல்லா இருக்கீங்களா. இந்தக் கம்ப்யூட்டர்ல கெமரா இல்ல. மொகத்தக் காட்டு மொகத்தக் காட்டுன்னு கேக்காதீங்க. எழுத்து மட்டும் போதும்மா."

மூக்கையா இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார்.

"பாத்தீங்களா? நாம சொல்ல இருந்தத அதுவே சொல்லிருச்சு. சாமி வழி விட்டுருச்சு, புள்ள." துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் போய் மழையைப் பார்த்தபடி நின்றார். வந்ததிலிருந்து அவர் முதுகு நிமிர்ந்தது அப்போதுதான். அங்கிருந்தே சொன்னார்: "சரிடி தங்கம், அம்மாவுக்கும் எழுத்தே போதும்னு அடிச்சு விடுங்க."

தனுஜா அடித்தாள். அனுப்பவில்லை.

அந்த ஆப்பிள் படம் போட்ட மடிக்கணினிகள் எத்தனையோ அவள் கைக்கு வந்து போயிருக்கின்றன. கெமரா இல்லாமல் ஒன்றுகூட வந்ததில்லை.

அடித்ததை அழித்தாள். அந்த அம்மாவை அவள் பார்த்ததுகூட இல்லை. இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாளோ, அதை மட்டும் அடித்து அனுப்பினாள்.

"மொகத்துல என்னடி?"



பெல்மதுளை பஸ் ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது. மூக்கையா ஓரமாக ஒதுங்கி நின்றார். திரையில் எதுவும் அசையவில்லை. எழுந்து போய்விட்டாளோ, மேடம் வந்துவிட்டாளோ என்று தனுஜா நினைத்தபோது ஒரே ஒரு வரி வந்தது.

"அம்மா, நான் வந்துறவா?"

தனுஜாவின் விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றன.

"என்ன புள்ள போட்டிருக்கு?" வாசலிலிருந்து திரும்பாமலே கேட்டார் மூக்கையா. "சந்தோசமா இருக்காமா?"