பார்ட் டைம் அனுபவம்

திருத்தணியில் அந்த லுங்கி கம்பெனியின் ஏ.சி. அறையில் நேர்காணல் நடந்தது.

“பேரு?”

“நஸியா, சார்.”

“அனுபவம்?”

“பன்னெண்டு வருஷம் சார். ஆந்திரா கடைக்காரங்ககிட்ட தெலுங்குலயே ஆர்டர் எடுப்பேன்.”

மேனேஜர் கோதண்டம் பயோடேட்டாவைப் புரட்டினார். “எல்லாமே பார்ட் டைமா?”

“ஆங் சார். காலைல ஒம்போதுல இருந்து சாயந்திரம் ஆறு வரைக்கும்.”

“பார்ட் டைம்னா பாதிதான் சேரும். உனக்கு ஆறு வருஷம்தான் ஆச்சு. முழு நேர வேலைக்கு எட்டு வேணும்மா. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதில்ல?”

“அப்போ வேற ஆள் பார்த்துட்டீங்களா சார்?”

“எங்க பாவா பையன், அதான் எங்க அக்கா மவன் வளவன், திங்கட்கிழமை சேர்றான். இப்பதான் காலேஜ் முடிச்சான்.”

“அவருக்கு அனுபவம்?”

“அவனுக்குத்தான் அனுபவமே இல்லியே, எதைப் பாதியாக்குறது?”

பயோடேட்டாவைத் திருப்பிக் கொடுத்தார் கோதண்டம். “சரி, உன் சீட்டுக்குப் போ. போனு அடிச்சிகினே இருக்குது. திங்கட்கிழமை வளவனுக்கு நீதான் வேலை கத்துக் குடுக்கணும்.”

பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்த நாற்காலிக்குக் கிளம்பிய நஸியா, வாசலில் நின்று திரும்பினாள்.

“தாராளமா சார். ஆர்டர் எடுக்கக் கத்துக் குடுத்துடறேன். எந்தச் சரக்கு எந்த ஊருக்குப் போவணும்ங்கிறது மட்டும் நீங்க கழிச்சுட்ட மீதிப் பாதியில இருக்குது. நான் பார்ட் டைம்தானே சார்?”