ஏழு வாசல் மண்டபம்

காலங்காலமாக அடித்துக்கொண்ட ஏழு ராஜாக்களின் தூதர்கள், என்றைக்கும் மாறாத சமாதானம் பேச அந்த மண்டபத்துக்கு வந்தார்கள். யார் முதலில் நுழைவது என்று வாசலிலேயே தகராறு. கடைசியில், ஆளுக்கொரு வாசல் வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைவதென்று முடிவாயிற்று.

சுவரை இடித்து ஒவ்வொரு வாசலாகத் திறந்தார்கள். ஆறாவதில் கூரை முனகியது. "அண்ணே, என்னைத் தாங்க இன்னும் என்ன மிச்சம் இருக்கு உன்கிட்ட?"

"சமாதானம் வரப்போகுதுடா. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றது சுவர். பீரங்கிக் குண்டு பட்ட இடம் அதற்கு இன்னும் வலித்தது.

ஏழாவது வாசலும் திறந்தது. தூதர்கள் ஒன்றாக நுழைந்து, ஒன்றாக உட்கார்ந்து, கையெழுத்துப் போட இறகை மையில் தோய்த்தார்கள். கூரை சரிந்தது.

முந்தாமல் பிந்தாமல் அவரவர் வாசல் வழியாக ஓடித் தப்பினார்கள். இடிந்து கிடந்த சுவர் காதுகொடுத்துக் கேட்டது. எந்த ராஜாவின் வாசலால் கூரை விழுந்தது என்று வெளியே கத்தியை உருவிக்கொண்டிருந்தார்கள்.