பத்தாவது மாணவர்

"நான் இனிமே காலேஜுக்குப் போக மாட்டேன். மூணு வருஷமா அதே கிளாஸு, அதே பெஞ்சு. என்னால முடியாது."

புத்தகப் பை சோபாவில் விழுந்து, அங்கிருந்து உருண்டு தரைக்கு வந்தது.

"போகாம என்ன பண்றதா உத்தேசம்?"

"உருப்படியா ஏதாவது வேலை பார்ப்பேன்."

"அப்போ என் கதி? இந்தக் குடும்பத்தோட கதி?"

மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தம்பதி, வயசுப் பையன் அடம் பிடிக்கிறான், பாவம் அந்தத் தாய் என்று உச்சுக் கொட்டினார்கள். பழைய குடித்தனக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தார்கள்.

அடம் பிடித்தவருக்கு வயது ஐம்பத்திரண்டு. மோட்டார் வைண்டிங் கடைக்காரர். அதட்டியது அவரைப் பெற்றவள் அல்ல, கட்டிக்கொண்டவள். கல்லூரியில் புள்ளியியல் துறைத் தலைவி.

விஷயம் ஊரறிந்ததுதான். நம் பிள்ளைகள் பள்ளி முடித்த கையோடு வெளிநாட்டுக்குப் படிக்கப் பறக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே படிக்க வந்து இறங்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் விமானக் கம்பெனிக்காரன்தான் முன்னுக்கு வருகிறான். விசாவில் கெடுபிடி வந்ததும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் வரத்தும் சுருங்கிப்போனது.

முதலாண்டில் பத்துப் பேர் சேராத துறைக்குப் பூட்டு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. புள்ளியியலில் ஒன்பதுதான் தேறியது. ஆள் தேடி அலுத்துப்போன அம்மாள், ஒரு நாள் காலை சவரம் செய்துகொண்டிருந்த புருஷனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்தது அவருக்குச் சனி.

சேர்ந்ததோடு போயிற்றா? பாஸானால் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விடுவார், முதலாண்டில் ஆள் குறையும். ஆகவே வருஷா வருஷம் அவர் ஃபெயிலாக வேண்டும். போன வருஷம் கைதவறி நாலு கணக்குக்குச் சரியான விடை எழுதிவிட்டார். அதற்கு வாங்கிய திட்டு தெருக்கோடிவரை கேட்டது. கடையோ பாதி நாள் பூட்டிக் கிடந்தது. எதிர்ச் சாரியில் இன்னொருவன் வைண்டிங் கடை போட்டு, இவருடைய வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருந்தான்.

கத்தினாரே தவிர, அன்றும் கல்லூரிக்குப் போனார். போகாமல் எங்கே போவது? உட்கார்ந்த பிறகுதான் பை வீட்டிலேயே கிடப்பது ஞாபகம் வந்து, மச்சினனுக்கு போன் போட்டார்.

அவரோடு ஒரே பெஞ்சில் உட்காருபவள் வெளிநாட்டிலிருந்து வந்த சுருட்டைமுடிக்காரி. வந்த ஆறு மாதத்தில் நம் பேச்சையும் பிடித்துக்கொண்ட கெட்டிக்காரி.

"அங்கிள், விடை தெரிஞ்சும் ஏன் தப்பா எழுதுறீங்க?"

"எங்க வீட்டுச் சட்டம் அப்படிம்மா."

அவள் சிரித்தபோது வகுப்பு வாசலில் பையோடு மச்சினன் நின்றுகொண்டிருந்தான். படிப்பென்றாலே எட்டிக்காய் அவனுக்கு. இவருக்குப் பதிலாகச் சேரச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டும் மசியாதவன். பையைக் கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனான்.

சாயங்காலம் கடைக்கு வந்தான். "மாமா, நான் சேர்ந்துக்கறேன்."

"எதுலடா?"

"உங்க காலேஜுலதான். உங்களுக்குப் பதிலா."

அவர் கையிலிருந்த செப்புக் கம்பிச் சுருள் நழுவியது. "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"படிக்கணும்னு தோணுச்சு மாமா. நீங்க உக்காந்த அதே எடத்துலதானே என்னையும் உக்கார வைப்பாங்க?"

"எடமென்னடா எடம். அந்த பெஞ்சையே வேணாலும் தூக்கிட்டுப் போ."

அக்காக்காரி ஒன்றுதான் கேட்டாள். "ஒழுங்கா ஃபெயிலாவியா?"

"அது எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வரும்க்கா."

வந்தவர்களை வாசலிலேயே பிடித்துப்போடும் துறை என்பதால் சேர்க்கையில் சிக்கலில்லை. மறுவாரமே வைண்டிங்காரர் விடுதலையாகிக் கடையை விடிந்ததும் திறந்தார். விட்டுப்போன வாடிக்கைக்காரர்கள் திரும்பினார்கள். எதிர்க் கடைக்காரன் ஈ ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே கம்பி சுற்றுவதில் ஒரு தனி சுகம் கண்டார்.

வருஷம் முடியவில்லை, மச்சினனுக்கும் சுருட்டைமுடிக்காரிக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவரே மாமாதான். கல்லூரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவளுடைய அப்பாவின் மரக்கடையைக் கவனித்துக்கொள்ள இருவரும் அவள் நாட்டுக்கே புறப்பட்டார்கள்.

விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது காரில் அவருக்கு வாய் மூடவில்லை. "நல்ல பொண்ணு. உன் தம்பியைக் கரையேத்திட்டா. நான்கூட பக்கத்துக் கடையையும் பிடிச்சு, கடையைப் பெரிசு பண்ணலாம்னு இருக்கேன்."

அம்மாள் ஒரு விரலை மடக்கினாள்; புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இரண்டாவது விரலையும் மடக்கிக்கொண்டு கேட்டாள்:

"உங்க அம்மா பள்ளிக்கூடப் படிப்பை முடிச்சவங்கதானே?"